மிகச்சிறிய எண்ணுக்குச் சோடி இல்லை

32 பிட் நிறைவெண்ணின் மிகச்சிறிய பெறுமானம் -2147483648, மிகப்பெரியது 2147483647. மறைப்பக்கத்தில் ஓர் எண் கூடுதலாக இருக்கிறது, அதற்கு நேர்ப்பக்கத்தில் சோடி கிடையாது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் வீச்சுப் பகுப்பாய்வில் நான் திருத்திய வழுக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு ஓரங்களில் ஒன்றில்தான் இருந்தன.

ஒரு மாறியின் பெறுமானம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதை, நிரலை ஓட்டாமலே கம்பைலர் கணித்துக்கொள்வதுதான் வீச்சுப் பகுப்பாய்வு. 10 உறுப்புகள் கொண்ட அணியின் சுட்டி 0 முதல் 9 வரைதான் என்று தெரிந்தால் எல்லைச் சோதனையை நீக்கிவிடலாம். நிரல் விரைவாக ஓடும். கணிப்பு ஓர் எண் பிசகினால் தேவையான சோதனையும் சேர்ந்து போய்விடும். எச்சரிக்கை எதுவும் வராது. லினக்ஸ் கருவுக்குள் ஓடும் சிறு நிரல்களை முன்கூட்டியே சோதிக்கும் ஈபிபிஎஃப் சரிபார்ப்பியில் கண்டறியப்பட்ட சிவிஇ-2020-8835 என்ற பாதுகாப்பு ஓட்டை இந்த இனத்தைச் சேர்ந்தது. 32 பிட் செயல்களுக்குப் பின் பதிவேட்டின் எல்லைகள் சரியாகக் கணிக்கப்படாததால், கருவின் நினைவகத்தில் எல்லை தாண்டிப் படிக்கவும் எழுதவும் வழி திறந்துவிட்டது.

ஓர் உதாரணத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். ‘9க்குச் சமம் அல்லது சிறியது’ என்பதும் ‘10ஐவிடச் சிறியது’ என்பதும் ஒன்றுதான். ஆகவே முதல் வடிவத்தை இரண்டாவதாக மாற்றி, வலப்பக்க எண்ணுடன் 1 கூட்டுவது வழக்கம். அந்த எண் 2147483647 ஆக இருந்தால்? 1 கூட்டியதும் சுற்றிக்கொண்டு -2147483648 ஆகிவிடும். எப்போதும் உண்மையான நிபந்தனை, ஒருபோதும் உண்மையாகாத நிபந்தனையாக மாறுகிறது. அதன் கீழிருக்கும் வரிகள் ‘எட்ட முடியாதவை’ என்று அழிக்கப்படுகின்றன.

எதிர்த் திசையில், வீச்சைக் கணிப்பதற்காக ‘சிறியது’ என்பதைச் ‘சமம் அல்லது சிறியது’ ஆக்கி மிகச்சிறிய எண்ணிலிருந்து 1 கழித்தால், ‘எந்தப் பெறுமானமும் வரலாம்’ என்ற விடை கிடைக்கிறது. அது துல்லியமற்றது, ஆனால் பொய்யல்ல. நிரல் சரியாகவே ஓடும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் வழுத் திருத்த இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மொழியின் விதியும் முக்கியம். மிகச்சிறிய எண்ணின் தனிப்பெறுமானத்தை ஜாவாவில் கேட்டால் அதே மறை எண்தான் திரும்பி வரும். ‘விடை 0 முதல் மேலே’ என்று பகுப்பாய்வு எழுதிவிட்டால், ‘விடை மறையா?’ என்று நிரலர் கவனமாகப் போட்டிருந்த சோதனை காணாமல் போகும். சி மொழியில் குறியுள்ள நிறைவெண்ணின் எல்லை மீறலுக்கு வரையறையே இல்லை. இங்கே கொழும்பில் வளர்ந்த பலரீனா மொழியிலோ நிறைவெண் 64 பிட். மீறினால் நிரல் பேனிக் ஆகி நின்றுவிடும். அதனால் 1 கூட்டும் வரியைத் தாண்டி வந்த மாறி, கூட்டுமுன் உச்ச எண்ணாக இருந்திருக்கவே முடியாது என்றுகூட முடிவு செய்யலாம். ஒரு மொழிக்கான திருத்தத்தை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது.

கொழும்பில் என்னுடன் வேலை செய்யும் இளம் பொறியியலாளர்கள் திறமைசாலிகள். ஆனாலும் வழு அறிக்கை வந்ததும், “அண்ணா, அந்த எண்ணுக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டுவிட்டேன்” என்று வந்து நிற்பார்கள். அது போதாது. 32 பிட் கணக்கை 64 பிட்டில் செய்து தப்பிப்பதும் போதாது. 64 பிட் வகைக்கு வரும்போது அதே வழு திரும்ப முளைக்கும். மிகச்சிறிய எண்ணை -1ஆல் வகுப்பதையும் மறக்கக்கூடாது: வீச்சின் ஓரங்களைக் கம்பைலரே வகுத்துப் பார்க்கும்போது, விடை கொள்ளாததால் எக்ஸ்86 வகைச் செயலியில் கம்பைலரே விழுந்துவிடலாம்.

நான் கேட்பது இதுதான்: கணிப்பு விதியை எந்த பிட் அகலத்துக்கும் பொருந்துமாறு எழுதுங்கள், பிறகு 4 பிட்டில் முழுவதையும் சோதியுங்கள். 4 பிட்டில் -8 முதல் 7 வரை 16 எண்கள். -8க்கும் சோடி இல்லை, ஆகவே அதே ஓரங்கள் அங்கும் இருக்கின்றன. சுற்றாத (தொடக்கம் முடிவைவிடப் பெரிதாகாத) வீச்சுகள் 136, கூட்டல் போன்ற செயலுக்கு அவற்றை இரண்டிரண்டாக எடுத்தால் 18496 சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் உண்மையான விடைகள் அனைத்தையும் கணக்கிட்டு ஒப்பிட்டாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தின் வீச்சுச் சோதனைகளிலும் இந்த முறை இருக்கிறது.

ஒப்பிடும்போது இரண்டைத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். உண்மையான விடை ஒன்றாவது வீச்சுக்கு வெளியே விழுந்தால் அந்தத் திருத்தத்தை நான் இணைக்க விடுவதில்லை. வீச்சு தேவைக்கு மேல் அகலமாக இருந்தால், குறிப்பெழுதி வைத்துவிட்டு இணைக்கலாம்.