பட்டி பார்க்கும் முன் ப்ளானைக் கேளுங்கள்

போன ஐப்பசி மழையில் பெரம்பூர் ஜமாலியா பக்கமிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, புது வீடு. பால் காய்ச்சி ஒண்ணரை வருஷம்தான் ஆவுது. மழை புடிச்சா பாத்ரூம் ஓட்டை வழியா சாக்கடைத் தண்ணி மேல ஏறி வருது. பில்டர் மூணு வாட்டி ஆள் அனுப்பிட்டாரு. அடைப்பு எடுத்துட்டுப் போறாங்க, மறுபடி வருது. நீங்க ஒரு தடவ வந்து பாருங்க."

நான் சிவில் இன்ஜினியர். இருபது வருஷத்துக்கு மேலாக வடசென்னையில்தான் வேலை. கட்டிக் கொடுப்பது பாதி. கட்டி முடித்த வீட்டில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வது மீதி.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. தெரு மேன்ஹோல் மூடியைத் திறந்து மெட்ரோ வாட்டர் ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நேரம். என்னிடம் இருந்தது மேஸ்திரிகள் வைத்திருக்கும் லெவல் டியூப், ஒரு டேப், ஒரு மூங்கில் கழி. டியூபில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு முனையை மேன்ஹோல் பக்கம் அந்த வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். மறுமுனையோடு நான் வீட்டு சேம்பர் (வீட்டுக் கழிவுநீர் தெருக்குழாய்க்குப் போகும் முன் சேரும் தொட்டி) பக்கம் நின்றேன். இரண்டு பக்கமும் நீர்மட்டம் அசையாமல் நின்ற பிறகு, அங்கிருந்து அடிவரை கழியை விட்டு அளந்தோம். தெருக் குழாயின் அடிமட்டத்தைவிட வீட்டு சேம்பரின் அடி ஆறு அங்குலம் பள்ளத்தில் இருந்தது.

அடைப்பு என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை. வெயில் காலத்தில்கூட அந்த சேம்பரில் அரையடிக் கழிவு தேங்கி, நிறைந்த பிறகுதான் தெருவுக்கு வழிந்திருக்கிறது. மழையில் தெருக்குழாய் பெருகியதும் அப்படியே வீட்டுக்குள் திரும்பிவிட்டது. குழாய் பதித்த பிளம்பர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ப்ளானில் போட்ட இடத்தில், போட்ட ஆழத்தில்தான் பதித்திருக்கிறார். ப்ளான் போட்டவர்தான் தெரு மட்டத்தை அளக்காமல் போட்டிருக்கிறார்.

வீடு வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக எழுத நினைத்தேன். டைல்ஸ் எழும்புவது, பூச்சு உதிர்வது, கதவு இறங்குவது எல்லாம் வேலைக் குறை. பெயர்த்துவிட்டு ஒழுங்காகச் செய்தால் தீர்ந்துபோகும். வடிவமைப்பிலேயே தப்பு இருந்தால் எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் 'கூப்பிட்டால் வருகிறாரே, நல்ல பில்டர்' என்று நாம் சமாதானமாகிவிடுகிறோம். அதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை பட்டதும் பூச்சு உதிர்ந்ததைத் தமிழ்நாடே வீடியோவில் பார்த்தது. சட்டமன்றம்வரை போனது, ஐஐடி நிபுணர்கள் வந்து ஆய்வு செய்தார்கள். மட்டம் தப்பியதை அப்படி வீடியோ எடுத்துக் காட்ட முடியாது. அளந்தால்தான் தெரியும்.

வடசென்னையில் நான் அடிக்கடி பார்க்கும் வடிவமைப்புக் குறைகள் சில உண்டு. கொளத்தூர், மாதவரம் பக்கம் படுக்கையறைத் தரையும் பாத்ரூம் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூக்கும். பில்டர் பட்டி (சுவரை மழமழப்பாக்கப் பூசும் மாவு) பார்த்து பெயின்ட் அடித்துவிட்டுப் போவார், அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும். தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங்கின் சரிவு தெருப் பக்கம் போகாமல் லிஃப்ட் குழிப் பக்கம் போகும். சம்ப்பை செப்டிக் டேங்க்கை ஒட்டியே போட்டிருப்பார்கள். இதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும், குடிக்கிற தண்ணீர் அது. செங்கல் சுவரும் கான்கிரீட் பீமும் சேரும் இடத்தில் வரும் மயிரிழை விரிசலுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும்.

கடலோரத்துக் கதை வேறு. திருவொற்றியூரில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம், சாவி வாங்கி மூன்றாவது வருஷம். பால்கனி சன்ஷேடின் அடியில் செம்மண் நிறத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. உளியால் லேசாகத் தட்டியதும் ஒரு சில்லு கையோடு வந்தது. உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருந்தது. கம்பிக்கு மேல் இருந்த கான்கிரீட்டை அளந்தால் 15 மில்லிமீட்டர். கடலோரச் சூழலில் இருக்கும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் கவர், எம்-30 கலவை என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்கிறது. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் 'கவர் 15' என்றே போட்டிருந்தது. கடலே இல்லாத ஏதோ ஓர் ஊருக்குப் போட்ட டிராயிங்கில் முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கம்பி கட்டியவர் டிராயிங்கில் இருந்தபடி கவர் பிளாக் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த டிராயிங் கைக்கு வந்திருக்காவிட்டால் "கடல் காத்து சார், நாங்க என்ன பண்றது" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், சாவி வாங்கும்போதே அப்ரூவ்டு ப்ளான், ஸ்ட்ரக்சுரல் டிராயிங், பிளம்பிங், எலக்ட்ரிகல் லேஅவுட் எல்லாவற்றையும் கேளுங்கள். ரெரா என்று நாம் சொல்லும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, வீட்டை ஒப்படைத்த பிறகு, பொது இடங்கள் உட்பட, வரைபடங்களைப் பெறும் உரிமையை வாங்கியவருக்குக் கொடுக்கிறது.

அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவைத்தான் நீங்கள் அதிகம் பயன்படுத்த வேண்டியிருக்கும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டட உறுதி, வேலைத்தரம், பொருள்தரம், வசதிகள் இவற்றில் குறை இருப்பதைத் தெரிவித்தால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். 'வடிவமைப்பு' என்ற சொல் அந்தப் பிரிவில் தனியாக இல்லை. "இது டிசைன் சார், வேலைக் குறை இல்ல" என்று சில பில்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நழுவப் பார்ப்பார்கள். ஆகவே கடிதத்தில் 'ப்ளான் சரியில்லை' என்று எழுதாதீர்கள். என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். கழிவுநீர் வெளியேறவில்லை என்றால் அது வசதியில் குறை. கம்பி துருவேறினால் கட்டட உறுதியில் குறை. எந்தத் தேதியில் பார்த்தீர்கள், எத்தனை முறை ஆள் வந்தார்கள், என்ன செய்துவிட்டுப் போனார்கள் என்று எழுதி, போட்டோ சேர்த்து, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நிலத்தின் ஓனரும் பில்டரும் சேர்ந்து கட்டிய ஜாயின்ட் வென்ச்சர் என்றால் இருவருக்கும் அனுப்புங்கள். போனில் பேசியது எதுவும் பின்னால் நிற்காது.

அடுத்த முறை பட்டி பார்க்க ஆள் வந்தால், காரணம் என்ன என்று பில்டரின் இன்ஜினியர் எழுதிக் கொடுக்கும்வரை சுவரில் கை வைக்க விடாதீர்கள். பூசிவிட்டால் என்னைப் போல ஒருவர் வந்து பார்க்கும்போது தடயமே இருக்காது. நீங்களும் அதற்குள் சுவரை இடிப்பது, பாத்ரூமை மாற்றுவது என்று எதையும் செய்யாதீர்கள். 'அவங்க இடிச்சதாலதான் வந்துச்சு' என்ற பதிலை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

நம் பக்கத்தில் ஒரு கிரவுண்டில் நாலு வீடு, ஆறு வீடு என்று கட்டுவதே அதிகம். 500 சதுர மீட்டருக்கு மிகாத மனைக்கும், 8 வீட்டுக்கு மிகாத கட்டடத்துக்கும் ரெரா பதிவு கட்டாயமில்லை. எழும்பூர் ரெரா ஆபீஸுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. வீட்டுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடிவரை மாநில ஆணையம். நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து இது முடிவாவதில்லை. கெடு 2 ஆண்டுதான், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து. அந்த நாள் எது என்பதில்தான் எதிர்த்தரப்பு சண்டை போடும். தேதி போட்ட கடிதம் அங்கேதான் கைகொடுக்கும்.

பெரம்பூர் வீட்டில் கடிதமும் என் அளவுக் குறிப்பும் போன பிறகு பில்டரே நேரில் வந்தார். அவர் முன்னால் இன்னொரு முறை டியூபைப் பிடித்துக் காட்டினோம். பழைய சேம்பரை மூடி, வீட்டுத் தரைமட்டம் உயரமாக இருந்ததால் லைனை மேலே தூக்கி, தண்ணீர் திரும்பாமலிருக்க நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டு, தன் செலவிலேயே முடித்துக் கொடுத்தார். நாலு மாதம் ஆனது.

திருவொற்றியூரில் இன்னும் முடியவில்லை. ஓனர் பில்டரைக் கைகாட்டுகிறார், பில்டர் ஓனரைக் கைகாட்டுகிறார். வழக்கு மாவட்ட ஆணையத்தில் இருக்கிறது. அதுவரை அந்த சன்ஷேடுக்குக் கீழே பிள்ளைகள் விளையாடாதபடி நாலு பக்கமும் கயிறு கட்டி வைத்திருக்கிறோம்.