பள்ளி நூலகம்: சட்டம் சொல்வதும் பள்ளி எழுதிவைக்க வேண்டியதும்

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பள்ளியில் என்னென்ன இருந்தே ஆக வேண்டும் என்பதை அது சொல்கிறது. வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், விளையாட்டு மைதானம் ஆகியவற்றோடு நூலகத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும். செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்கும் உரிய நூல்கள், கதைப் புத்தகங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கதைப் புத்தகத்தைச் சட்டமே தனியாகக் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். "பாடப் புத்தகம் போதாதா?" என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு இந்த ஒரு வரி போதும்.

1 முதல் 8-ஆம் வகுப்பு வரை உள்ள அரசு, உதவிபெறும், தனியார் பள்ளிகளுக்கு இது பொருந்தும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-இல். அப்போதே நடந்துகொண்டிருந்த பள்ளிகளுக்குத் தந்த 3 ஆண்டு அவகாசம் 2013-இலேயே முடிந்துவிட்டது. பணத்துக்கும் ஒரு வழி உண்டு: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு நூலக மானியமாகப் பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 ரூபாய் வரை ஒதுக்க இடம் இருக்கிறது.

சரி, சட்டம் இருக்கிறது, மானியம் இருக்கிறது. பிறகு ஏன் பல பள்ளிகளில் புத்தகங்கள் பீரோவுக்குள்ளேயே கிடக்கின்றன?

எந்தப் புத்தகம் வாங்குவது, யார் தேர்ந்தெடுப்பது, எத்தனை நாள் வீட்டுக்குக் கொடுப்பது, தொலைந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்த அட்டவணையில் இல்லை. இதைப் பள்ளிதான் எழுதிவைக்க வேண்டும். எழுதாத இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. புத்தக இருப்பு ஓர் ஆசிரியரின் பெயரில் இருக்கிறது. அவர் மாறுதலில் போகும்போது பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். நாலு புத்தகம் குறைந்தால் கைக்காசு போடவேண்டி வருமோ என்று அவர் பயப்படுவதில் தவறே இல்லை. அந்தப் பயத்தில்தான் சாவி திரும்புவதில்லை.

இங்கே ஒரு விதியைப் பலரும் அறிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆவது விதி நூலகம் பற்றியது. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுமையாக இருப்பைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. கூடவே, ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட நூல்களில் 1,000-க்கு 5 தொலைந்தால் அதை இயல்பான இழப்பாகவே கொள்ளலாம் என்றும் சொல்கிறது. நேர்மைக் கேடோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அலமாரியில் இருக்கும் எண்ணிக்கையை வைத்து 1,000-க்கு 5 என்று சொல்லவில்லை. புழங்கிய எண்ணிக்கையை வைத்துச் சொல்கிறது. ஆண்டில் 2,000 முறை புத்தகம் கொடுத்த பள்ளியில் 10 புத்தகம் குறைந்தால் அது இயல்பு. பூட்டியே வைத்திருந்த பள்ளியில் ஒன்று குறைந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். புத்தகத்தைக் கொடுப்பவருக்குத்தான் விதி துணை நிற்கிறது. ஆனால் இந்த விதி மத்திய அரசு நிறுவனங்களுக்கானது. மாநிலப் பள்ளிகள் அந்தந்த மாநில நிதி விதிகளின்படியும் துறை உத்தரவுகளின்படியும் நடக்க வேண்டும். ஆகவே இருப்பிலிருந்து ஒரு நூலை நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை வட்டாரக் கல்வி அலுவலரிடமோ மாவட்டக் கல்வி அலுவலரிடமோ எழுத்து மூலம் கேட்டு, வந்த பதிலை நூலகக் கோப்பில் வைத்துவிடுங்கள். பள்ளி எழுதிவைக்கும் நூலகக் கொள்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டிய தகவல் இது.

கொள்கை என்றதும் பெரிய ஆவணம் என்று மலைக்க வேண்டாம். நாலைந்து பக்கம் போதும். தலைமையாசிரியர், நூலகப் பொறுப்பாசிரியர், ஒன்றிரண்டு பெற்றோர், மாணவர்கள் சேர்ந்து எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் பதிவு செய்தால் அது பள்ளியின் விதியாகிவிடும். ஓர் ஆசிரியர் தனியாக எடுத்த முடிவு என்ற பேச்சு பிறகு வராது. சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அவர்கள் வேலைதான். நூலகத்துக்கு என்ன தேவை என்பதை அந்தத் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம்.

புத்தகத் தேர்வைப் பற்றி எழுதும்போது கவனம் தேவை. யாரோ கட்டுக்கட்டாக அனுப்புவதை அப்படியே வாங்கி அடுக்குவது தேர்வு ஆகாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்துக்கு ஒரு வரியும் படமும் உள்ள புத்தகம் வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நூல்களைப் படிநிலையாகப் பிரித்தது நல்ல முன்மாதிரி. அதே பிரிவுகளை வைத்து, எந்தப் படியில் எத்தனை குறைகிறது என்று பார்த்து வாங்கலாம். அன்பளிப்பாக வரும் நூல்களை வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் எழுதிவையுங்கள். இல்லையென்றால் பழைய பாடப் புத்தகமும் நோட்ஸும் வந்து அலமாரியை அடைத்துவிடும்.

ஒரு புத்தகத்தின் மேல் ஆட்சேபம் வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும். சர்வதேச நூலகச் சங்கக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 1999-இல் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கை, நூலகம் அரசியல், சமய, கருத்தியல் தணிக்கைக்கோ வணிக நெருக்குதலுக்கோ உட்படக் கூடாது என்கிறது. ஆட்சேபத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது, குழு அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு முடிவு சொல்வது, அதுவரை புத்தகம் அலமாரியிலேயே இருப்பது என்று ஒரு முறை இருந்தால் நல்லது. யாரோ சத்தம் போட்டார் என்பதற்காக ஒரே நாளில் புத்தகம் காணாமல் போகாது.

வழங்கல் விதி எளிமையாக இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம், ஒரு வாரம். தாமதத்துக்கு அபராதம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து ரூபாய் கேட்டால் புத்தகமும் வராது, அப்புறம் அந்தப் பிள்ளையும் வராது.

பதிவேடு இரண்டு போதும். இருப்புப் பதிவேட்டில் சேர்க்கை எண் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் தனி எண்), சேர்த்த நாள், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை, பில் எண், கடைசியாகக் குறிப்பு. அந்தச் சேர்க்கை எண்ணையே தலைப்புப் பக்கத்தில் எழுதி முத்திரை வைக்க வேண்டும். உள்ளே ஏதாவது ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும், உதாரணமாக எல்லா நூலிலும் 17-ஆம் பக்கத்தில், முத்திரை இருந்தால் அட்டை கிழிந்த புத்தகமும் நம்முடையதுதான் என்று தெரியும். வழங்கல் பதிவேட்டில் நாள், சேர்க்கை எண், பெயர், வகுப்பு, திருப்பிய நாள். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். கணக்குத் தணிக்கைக்கு வருபவரிடம் புத்தகங்கள் புழங்கின என்று காட்டும் சாட்சி இந்தப் பதிவேடுதான். கிழிந்ததையும் காலாவதியானதையும் ஆண்டுச் சரிபார்ப்பின்போது பிரித்து, உரிய அனுமதியோடு நீக்கி, குறிப்புக் கட்டத்தில் உத்தரவு எண்ணை எழுதுங்கள்.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் நூலகமே இல்லையென்றால் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். நடக்கவில்லை என்றால், சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். 3 மாதத்துக்குள் அது முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு திருப்தி தராவிட்டால் மேல்முறையீடு செய்ய வேண்டிய இடம் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம்.