சைலன்சரை வெட்டினால் ரேஸ் என்ஜின் ஆகாது

கராஜுக்கு வரும் தம்பிமாரில் சிலருக்கு ரேஸ் என்ஜின் பொறியியலாளராக வர ஆசை. நல்ல ஆசை. மட்டக்களப்புப் பிள்ளைக்கு அது எட்டாத வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆசை சைலன்சரை வெட்டுவதில் தொடங்குவதுதான் மனதுக்குக் கஷ்டம்.

அண்மையில் ஒருவன் 150 சிசி பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். சைலன்சரின் உள்தடுப்பு இல்லை, ஏர் ஃபில்டரும் இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட் பழையதுதான். காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. ஸ்பார்க் பிளக்கின் முனை சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. சிலிண்டரைக் கழற்றினால் பிஸ்டனின் பக்கத்தில் நீளநீளமாகக் கீறல்கள். பெட்ரோல் போதாமல் ஏறிய சூடும், ஃபில்டர் இல்லாமல் உள்ளே போன கடற்கரை மணலும் சேர்ந்து செய்த வேலை அது.

உண்மையான ரேஸ் என்ஜின் வேலை அளந்து செய்வதில்தான் இருக்கிறது. பார்முலா 1 என்ஜின் நிமிடத்துக்கு 12,000 சுற்றுச் சுற்றும்போது, ஒரு பிஸ்டன் நொடிக்கு 200 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. 2014இல் 1.6 லீட்டர் வி6 டர்போ ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) வந்தபோது, மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பெட்ரோல் போகக்கூடாது என்று விதி வைத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு துளியிலிருந்தும் கூடுதல் சக்தி எடுப்பதே போட்டி. எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாறுகிறது என்று 2017இல் மெர்சிடிஸ் அறிவித்தது. சாதாரண பெட்ரோல் என்ஜினில் கிடைப்பது அதைவிடக் குறைவு. அந்த முன்னேற்றம் கணினிக்கு முன்னாலும் என்ஜினை ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோ அறையிலும் பல வருடம் உழைத்துக் கிடைத்தது. 2026 விதிகளில் மொத்தச் சக்தியில் ஏறக்குறைய பாதி மின்மோட்டாரிலிருந்து வருகிறது. மின்னியல் தெரியாமல் இனி முடியாது.

ஆகவே தம்பி, உயர்தரத்தில் இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் விடாதே. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரியில் என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழியாகவும் படிப்படியாக மேலே போகலாம். மிக நுண்ணிய அளவை எடுக்கும் மைக்ரோமீட்டரைப் பிடிக்க இப்போதே பழகு. அளந்ததைக் கொப்பியில் எழுதி வை.

பெற்றோருக்கும் ஒன்று. 'மோட்டார் ஸ்போர்ட் படிப்பு' என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்சிக்காகக் காணியை ஈடு வைக்கு முன் விசாரியுங்கள். பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது? அது பொறியியல் பட்டமா? மாணவர்கள் தாங்களே கார் வடிவமைத்துப் போட்டியிடும் பார்முலா ஸ்டூடண்ட் அணி அங்கே உண்டா? பதிலை ஏஜென்சியிடம் வாங்காமல், பல்கலைக்கழகத்துக்கு நேரே எழுதிக் கேளுங்கள்.