நட் ஏறினால் ரிம் பொருந்திவிட்டதா?

"முன் சில்லுப் பக்கம் ஊவென்று சத்தம். கல்லடிப் பாலம் தாண்டி வேகம் பிடித்தால் சத்தமும் கூடுது. பெயரிங் ஒண்டு மாத்தணும்." பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் கராஜுக்கு இப்படித்தான் வருகின்றன. பெயரிங் போனது உண்மைதான். ஆனால் அது ஒரு வருடத்துக்கு முன் மாற்றிய பெயரிங்.

சில்லைக் கழற்றினால் கதை கண்முன்னே கிடக்கும். சொக் அப்சோபர் குழாயில் பெயின்ட் உரிந்து, வெள்ளிக்கம்பி மாதிரி மினுங்கும் ஒரு கோடு. டயரின் உள் தோளில், நூலைச் சுற்றி இறுக்கியதுபோல் வட்டமாக ஒரு வெட்டு. சில்லைப் பூட்டும் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் 20 மி.மீ. தடிப்பில் ஸ்பெசர் தட்டு. மட்காட் விளிம்பில் புதிதாகச் சுரண்டல். உள்ளே உரசியதற்கு ஸ்பெசர் போட்டிருக்கிறார்கள். அதனால் சில்லு வெளியே வந்து மட்காட்டில் உரசியிருக்கிறது. அதற்குச் சுத்தியலால் மட்காட்டை மடித்திருக்கிறார்கள். கடைசியில் பெயரிங் அழுகிறது. "இந்த ரிம்மை எப்படித் தெரிவு செய்தீர்கள்?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "நட் நல்லா ஏறிட்டுத்தானே அண்ணன்!"

நட் ஏறினால் ஒன்றே ஒன்றுதான் நிச்சயம்: துளைகளின் வட்டம், அதாவது பிசிடி, சரி. ரிம் எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு வெளியே வரும் என்பதை நட் சொல்லாது. அதைச் சொல்வது ரிம்மின் அகலமும் ஓஃப்செட்டும்.

இந்த ஓஃப்செட்டைத்தான் பத்தில் எட்டுப் பேர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். 45 என்றால் 20ஐ விட அதிகம், ஆகவே 45 போட்டால் அதிகம் வெளியே நிற்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை, இல்லவே இல்லை. ரிம்மைக் குறுக்கே சரிபாதியாக அறுத்ததாக நினையுங்கள். அறுத்த இடம் நடுக்கோடு. ஹப்பில் போய் ஒட்டும் முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து வீதிப் பக்கமாக எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறதோ அதுதான் ஓஃப்செட். ஹப் அசையாது. ஒட்டும் முகம் வீதிப் பக்கம் தள்ளத் தள்ள, மிச்ச ரிம் முழுவதும் காரின் உள்பக்கம் போகும். ஆக, இலக்கம் கூடினால் சில்லு உள்ளே, இலக்கம் குறைந்தால் சில்லு வெளியே. கோப்பை மாதிரிக் குழிந்த முகம் அழகு என்று ஆசைப்பட்டு வாங்குகிறீர்களே, அந்தக் குழிவு, குறைந்த ஓஃப்செட்டால் வருவது. ரிம்மின் பின்னால் இ.டி. 45, இ.டி. 20 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான்.

அகலம் இதோடு சேர்ந்து விளையாடும். ரிம்மை ஒரு அங்குலம் அகலமாக்கினால் நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. கூடும். ஓஃப்செட்டை மட்டும் பார்ப்பவரும் அகலத்தை மட்டும் பார்ப்பவரும் ஒரே கிடங்கில்தான் விழுகிறார்கள்.

கணக்கைச் செய்து காட்டுகிறேன். 1989இல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுப்போம். ஜப்பானில் இருந்து வந்தால் யூனோஸ் ரோட்ஸ்டர். அதன் அசல் அலோய் 14 அங்குலம், 5.5ஜே அகலம், இ.டி. 45. ஐந்தரை அங்குலத்தில் பாதி ஏறக்குறைய 70 மி.மீ. அதிலிருந்து 45ஐக் கழித்தால், ஹப் முகத்துக்கு வெளியே 25 மி.மீ. கூட்டினால் உள்ளே 115 மி.மீ. இந்த இரண்டு எண்களும்தான் உங்கள் காரின் ஜாதகம்.

இப்போது 17 அங்குலம், 7.5ஜே, இ.டி. 42 ரிம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. 42க்கும் 45க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று மனம் சொல்லும். ஏழரை அங்குலத்தில் பாதி 95. வெளியே 53, உள்ளே 137. வெளியே 28 மி.மீ. கூடிவிட்டது, உள்ளே 22 மி.மீ. கூடிவிட்டது! உள்ளே அவ்வளவு போனால் சொக் அப்சோபரோடு முட்டாமல் என்ன செய்யும்? அதற்கு 20 மி.மீ. ஸ்பெசர் வைத்தால் உள்பக்கம் பழைய இடத்துக்கு வந்துவிடும், வெளிப்பக்கம் 48 மி.மீ. தள்ளிப் போய்விடும். மேலே சொன்ன பெயரிங் இங்கேதான் செத்தது.

அதே காருக்கு 15 அங்குலம், 7ஜே, இ.டி. 38 பூட்டினால் வெளியே 26, உள்ளே 12 மி.மீ. மட்டும் கூடும். உயரத்தை அதிகம் குறைக்காத காருக்கு இது நல்ல இடம். 6.5ஜே எடுத்தால் இன்னும் நிம்மதி. தனிப்பட்ட கருத்துச் சொன்னால், எங்கள் மட்டக்களப்பு வீதிகளுக்கு இந்தக் காரில் 15க்கு மேல் போகவே வேண்டாம்.

எட்டுத் துளை ரிம்முக்குத் தனியாக ஏசவேண்டும். 4×100 (நான்கு துளை, 100 மி.மீ. வட்டம்), 4×114.3 இரண்டுக்கும் பொதுவாகத் துளையிட்டவை அவை. பின்சில்லு இழுக்கும் பழைய கார்களை மனதில் வைத்து இ.டி. 0, இ.டி. 10 என்று வார்த்த ரிம், இந்த எட்டுத் துளையின் புண்ணியத்தில் இ.டி. 45 கேட்கும் ஹொண்டா சிவிக்கிலும் ஏறிவிடுகிறது. நட் ஏறும். சில்லு மட்காட்டைத் தாண்டி வீதியைப் பார்த்து நிற்கும். ஸ்டியரிங் கையை உதறும், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். பிறகு எலைன்மென்ட் செய்தவரைக் குறை சொல்வார்கள்.

பழைய சாமான் கடையில் எடுக்கும் ரிம்மில் எண் அழிந்திருந்தால் அளந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. ரிம்மைக் குப்புறப் போட்டு, பின் விளிம்பின் மேல் நேரான சட்டம் ஒன்றைக் குறுக்கே வையுங்கள். சட்டத்திலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை ஆழம் எடுங்கள். பிறகு ரிம்மின் முழு அகலத்தை விளிம்போடு விளிம்பாக அளந்து பாதியாக்குங்கள். ஆழத்திலிருந்து அந்தப் பாதியைக் கழித்தால் ஓஃப்செட். 7ஜே என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம்; விளிம்போடு சேர்த்தால் ஏறக்குறைய 203 மி.மீ. இருக்கும். ஆழம் 140 என்றால் ஓஃப்செட் 38 சொச்சம். ஐந்து துளை ரிம்மில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை 1.701ஆல் பெருக்குங்கள், பிசிடி வரும். 58.8 மி.மீ. என்றால் 5×100, 67.2 என்றால் 5×114.3. 65.8 வந்தால் அது 5×112. "கொஞ்சம் இழுத்துப் பூட்டலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நடுத்துளையை யாரும் பார்ப்பதே இல்லை. எம்எக்ஸ்-5 ஹப் 54.1 மி.மீ., அதே 4×100 ஹொண்டா 56.1, நிசான் 180எஸ்எக்ஸ் 66.1. சந்தையில் விற்கும் ரிம்களில் பல 73.1. துளை பெரிதென்றால் இடைவெளியை அடைக்கும் அளவான ஹப் ரிங் போடுங்கள், இல்லாவிட்டால் எண்பது, தொண்ணூறில் ஸ்டியரிங் ஆடும். எத்தனை தரம் பேலன்ஸ் பார்த்தாலும் ஆடும். துளை சிறிதென்றால் ரிம் ஹப்பில் உட்காராது. நட்டை இறுக்கி உட்கார வைக்கப் பார்ப்பவர் ரிம்மை வெடிக்க வைக்கிறார்.

நட்டிலும் சாதி உண்டு. ஹொண்டா அசல் ரிம்முக்கு உருண்டை முகம், வெளிச்சந்தை ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு முகம். மாற்றிப் பூட்டினால் இறுக்கியது போல இருக்கும், ஓர் ஓரம் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். மரையும் அப்படித்தான்: டொயோட்டா, ஹொண்டா, மஸ்டா, மிட்சுபிஷிக்கு எம்12×1.5 (12 மி.மீ. தடிப்பு, மரைக்கு மரை 1.5 மி.மீ.); நிசானுக்கு எம்12×1.25. ஒன்றின் நட்டை மற்றதில் ஏயர் கன் வைத்து ஏற்றினால் நட் ஏறும் ஆணி, அதாவது ஸ்டட், முடிந்தது. ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்கவேண்டும். 1.5 மரைக்கு எட்டுச் சுற்று, 1.25க்குப் பத்துச் சுற்று. கையால் சுற்றி எண்ணுங்கள். சும்மா செருகும் 5 மி.மீ. ஸ்பெசர் இந்தச் சுற்றுகளில் மூன்று, நான்கைத் தின்றுவிடும். ஸ்பெசர் தவிர்க்கவே முடியாதென்றால் நீண்ட ஸ்டட் போடுங்கள், அல்லது ஹப்பில் தனியே நட் போட்டுப் பூட்டும் வகையை எடுங்கள். லேத்தில் கடைந்த இரும்பு வளையம் வேண்டவே வேண்டாம்.

டயர் விஷயத்தில் உயரம்தான் முதல் கணக்கு. அசல் 185/60 ஆர்14 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 வீதம், ரிம் 14 அங்குலம்) டயரின் விட்டம் 578 மி.மீ. 195/50 ஆர்15 என்றால் 576, கச்சிதம். 205/40 ஆர்17 என்றால் 596, மூன்று வீதம் கூடுதல். மீற்றர் 70 காட்டும்போது கார் 72இல் போகும். அதைவிடப் பெரிய பிரச்சினை பக்கச்சுவர். 185/60இல் 111 மி.மீ. இருந்தது, 205/40இல் 82தான். மாரி மழைக்குப் பிறகு உள்வீதிகளில் தண்ணீர் நிரம்பிய கிடங்கின் ஆழம் யாருக்குத் தெரியும்? 82 மி.மீ. ரப்பரை நம்பி இறங்கினால் ரிம் விளிம்பு வளையும். 195 டயரை 8ஜே ரிம்மில் இழுத்துப் பூட்டும் ஃபேஷனும் அப்படித்தான். அந்த 195/50 டயர் 5.5 முதல் 7 அங்குல ரிம்முக்கு உரியது. அதற்கு மேல் இழுத்தால் ஒரு கிடங்கில் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். டயரின் நாலு இலக்கத் திகதியையும் பாருங்கள்: 2214 என்றால் 2014ஆம் ஆண்டின் 22ஆம் வாரம். பூ, அதாவது டயரின் வரிகள், நன்றாக இருக்கிறதே என்று அதை வாங்கவேண்டாம்.

வாங்கும் முன் ஒரு ரிம்மை மட்டும் இரவல் கேட்டுப் பூட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ரிம்மைக் கையால் சுற்றி, பிரேக் கலிப்பருக்கும் ரிம்மின் கம்பிக்கும் (ஸ்போக்) இடையில் 3 மி.மீ.யாவது இருக்கிறதா என்று பாருங்கள். டயரோடு பூட்டிய பிறகு சொக் அப்சோபருக்கு 6 மி.மீ., பிரேக் ஹோஸுக்கு அதைவிடத் தாராளமாக. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மட்காட்டின் உள்விளிம்பில் பிள்ளைகள் விளையாடும் களியை விரல் தடிப்பில் ஒட்டிவிட்டு, இருக்கைகளில் ஆள் ஏற்றி, வேகத்தடை ஒன்றில் மெதுவாக ஏறி இறங்குங்கள். களி நசிந்திருந்தால் பதில் தெரிந்துவிட்டது. வீட்டு முற்றத்தில் உரசாத சில்லு, செங்கலடியால் பதுளைக்கு ஏறும் வளைவுகளில் உரசும்.

மட்காட் விளிம்பை மடித்துச் சமாளிப்போம் என்பவர்களுக்கு: மடித்த இடத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடிக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று உப்புக்காற்று வாங்கும் ஊரில் அந்த வெடிப்பு எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? முப்பது வருடம் துருப்பிடிக்காமல் வந்த தகடு அது. தயவுசெய்து வேண்டாம்.

உப்பு ரிம்மையும் விடாது. பழைய அலோயில் டயர் உட்காரும் வளையத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வாரத்துக்கு ஒருமுறை காற்றுக் குறையும். டயரைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். ஜப்பான் ரிம் என்றால் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர முத்திரையைத் தேடுங்கள், ஆனால் போலியிலும் அதை வார்க்கிறார்கள் என்பதை மறக்கவேண்டாம். கம்பி அடியில் வெல்டிங் தடம் தெரிந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பூட்டும்போது ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகும் வரை தேயுங்கள். கிறீஸ் ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசினால் போதும், மரையில் பூசவேண்டாம். நட்டுகளைக் குறுக்கே குறுக்கே கையால் ஓட்டி, காரை இறக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். எம்எக்ஸ்-5க்கு 88 முதல் 118 நியூட்டன் மீற்றர், கன் வைத்துக் குத்துமதிப்பாக அல்ல. பிறகு மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை போய்த் திரும்புங்கள், ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். சில்லு ஆறியதும் அதே ரென்ச்சை எடுத்து எல்லா நட்டையும் இன்னொரு தடவை பாருங்கள். அசல் ரிம்மையும் அதன் நட்டுகளையும் விற்றுவிடாமல் வீட்டில் வையுங்கள்.