மே மாதத்தில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால்

கோடையில் சென்னைத் தெருக்களில் வடிகால் பார்க்கப் போகும்போது முதலில் கவனிப்பது ஒன்றைத்தான், உள்ளே தண்ணீர் ஓடுகிறதா? இரண்டு மாதமாகச் சொட்டு மழை இல்லை, ஆனால் சிலாப்பைத் தூக்கினால் கீழே சாம்பல் நிறத்தில் நுரைத்துக்கொண்டு, சோற்றுப் பருக்கை மிதக்க, ஓடிக்கொண்டிருக்கும். அது மழைநீரே இல்லை. யார் வீட்டுக் கழிவுநீர்க் குழாயோ உள்ளே திரும்பியிருக்கிறது. இதற்குப் பெயர் வறண்ட கால ஓட்டம்.

மழைநீர் வடிகாலும் பாதாள சாக்கடையும் ஒன்றுதான் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். சாக்கடை நீர் கொடுங்கையூர், பெருங்குடி மாதிரி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகும்; வடிகால் நீரோ கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என்று விழுந்து அப்படியே கடலுக்குப் போகும், நடுவில் யாரும் அதைச் சுத்தம் செய்வதில்லை. பெயிண்ட் பிரஷ் கழுவின தண்ணீரைச் சாலையோரக் கம்பி மூடிக்குள் ஊற்றினால், ஆற்றில் ஊற்றியதாகத்தான் கணக்கு.

அடுத்தது முதல் மழை ஓட்டம். ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர். மண் தரையென்றால் நிறைய உள்ளே இறங்கிவிடும், தாரும் சிமெண்டும் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே வழிந்தோடும், அதுவும் மாதக்கணக்கில் படிந்த டயர் தூள், ஆயில், நாய்க் கழிவு எல்லாவற்றையும் முதல் சில நிமிடங்களிலேயே அள்ளிக்கொண்டு. இந்தக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு இழுக்கும் என்று அளப்பதுதான் பி.ஓ.டி.; நம் ஊரில் 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்ப்போம். குளிக்கிற ஆற்று நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதல் மழைக்கு மறுநாள் மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் ஆக்ஸிஜன் இல்லாமல்தான்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஒரு குடியிருப்பில் மொட்டைமாடிக் குழாயையும் கார் கழுவும் இடத்துத் தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்த்து நேராகக் கிணற்றில் விட்டிருந்தார்கள். "கண்ணாடி மாதிரி இருக்கே சார்" என்று ஒரு பெரியவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உண்மைதான், கலங்கல் ரொம்பக் குறைவு. (ஏரியில் உபரிநீர் வழியும் இடத்துக்கும் கலங்கல் என்றுதான் பேர், இது வேறு.) ஆனால் சோதனையில் ஈ.கோலை இருந்தது, அதாவது மலக் கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா. குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கலங்கல் கண்ணுக்குத் தெரியும், ஈ.கோலை தெரியாது. கார் கழுவும் தண்ணீரைப் பிரித்துவிடச் சொன்னேன், மாடிக் குழாயில் முதல் மழையை வெளியே விட ஒரு வால்வும் வைக்கச் சொன்னேன்.

அக்டோபருக்கு முன்னால் உங்கள் தெரு வடிகாலை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ஓடினால் மாநகராட்சியின் 1913-க்குக் கூப்பிட்டு, வெறுமனே அடைப்பு என்று சொல்லாமல், மழையில்லாத நாளில் கழிவுநீர் ஓடுகிறது என்றே சொல்லுங்கள். அடைப்பு என்றால் தூர் வார வருவார்கள். இதற்குத் தேவை, எந்த வீட்டு இணைப்பு என்று தேடிப் பிடிக்கிற ஆள்.