கோப்பைத் திறக்குமுன் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்

வைரஸ் புகுந்துவிட்டதாகச் சொல்லி என்னிடம் பழுதுபார்க்க வரும் கணினிகளில் பல, அவற்றின் உரிமையாளரே ஒரு கோப்பை நம்பித் திறந்ததால் பாதிக்கப்பட்டவை. அவர்களைக் கவனமற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏனெனில், கோப்புப் பெயரின் இறுதியில் வந்து அதன் வகையைக் காட்டும் எழுத்துகளான எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைக்கிறது. ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று வந்து சேரும் கோப்பு திரையில் ‘பில்.பிடிஎஃப்’ என்றுதான் தெரியும். இஎக்ஸ்இ என்று முடியும் நிரல் கோப்புக்கு எந்த ஐகானையும் பொருத்த முடியும் என்பதால், பிடிஎஃப் படமும் அதன்மேல் இருக்கும். படிக்கும் ஆவணம் என்று எண்ணிச் சொடுக்கியவர், உண்மையில் ஒரு நிரலை இயக்கியிருப்பார்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸுக்கும் இந்த மறைப்பே துணைபுரிந்தது. காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த அந்தக் கோப்பு, வெறும் எழுத்துக் கோப்பைக் குறிக்கும் ‘டிஎக்ஸ்டி’ என்று முடிவதுபோல் தோன்றினாலும், அதன் பின்னே இயங்கும் நிரலைக் குறிக்கும் ‘விபிஎஸ்’ ஒளிந்திருந்தது. திறந்தவுடன் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் எக்ஸ்டென்ஷனை மறைக்கும் விண்டோஸின் வழக்கம் மாறாதது எனக்கு வியப்புதான். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ, அதற்குள் ஷோ, அதற்குள் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுப்பெயரும் தெரியும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் திரும்பிய பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால், அதுவும் வைரஸின் வேலையாக இருக்கலாம்; அவற்றைச் சொடுக்க வேண்டாம். ஃபார்மட் செய்யவும் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் உங்கள் கோப்புகள் மறைக்கப்பட்ட நிலையில் அதற்குள்ளேயே இருக்கும், மீட்டுவிடலாம்.

இப்போது இதே ஏமாற்று கைப்பேசிக்கு வந்துவிட்டது. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு ‘ஏபிகே’ என்று முடிந்தால், அது அழைப்பிதழும் அல்ல, ரசீதும் அல்ல. நிறுவப்படக் காத்திருக்கும் ஒரு செயலி. நிறுவியபின் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி திருடன் கைக்கும் போய்ச் சேரும். தெரிந்தவரின் எண்ணிலிருந்து வந்தது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. அவருடைய கைப்பேசியே முன்னதாகச் சிக்கியிருக்கலாம். தவறி நிறுவிவிட்டால், உடனே இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளியுங்கள்.