அட்டை இருக்கிறது, டெஸ்ட்டுக்கு அப்ரூவல் இல்லையா? முதல்வர் காப்பீட்டில் ரத்தப் புற்றுநோயாளிகள் ஏமாறும் இடங்கள்

சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் மாத்திரை சாப்பிடும் அக்கா ஒருவர், போன வருடம் இரண்டு தடவை, நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) டெஸ்ட் எடுக்காமலே ஊர் திரும்பினார். காப்பீட்டு அட்டை மஞ்சப்பையில்தான் இருந்தது. "இதுக்கு அப்ரூவல் இல்லம்மா, வெளிய எடுத்துட்டு வாங்க" என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். வெளியே எடுக்கக் காசில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு சரியாக இருந்ததால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று இருந்துவிட்டார். அடுத்த முறை எடுத்தபோது 0.1 சதவீதத்துக்குக் கீழே இருந்த அளவு 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

வெள்ளணு எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. இந்த நோயைக் கிளப்புவது பிசிஆர்-ஏபிஎல் என்ற கோளாறான புரதம். மாத்திரை அதை அடக்குகிறது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுச் செய்தி ரத்தத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று இந்த டெஸ்ட் காட்டும். மாத்திரை தொடங்கி 3 மாதத்தில் 10 சதவீதம், 6 மாதத்தில் 1, ஒரு வருடத்தில் 0.1 என்ற அளவுக்கோ அதற்குக் கீழேயோ இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ திரும்ப ஏறினாலோ மருந்தை மாற்றுவது பற்றி டாக்டர் யோசிப்பார்.

இனி தமிழ்நாடு முதல்வர் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். இது நோயாளியின் வருமானம் அல்ல, குடும்பத்தின் வருமானம். வருமானச் சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று தொகையைப் படித்துப் பாருங்கள். தவறாக ஏறிய ஒரு எண்ணுக்காக மறுபடி பத்து நாள் அலைய வைப்பார்கள்.

பெண்கள் அதிகம் மாட்டுவது ரேஷன் கார்டில். கல்யாணமானதும் அம்மா வீட்டுக் கார்டில் பெயரை நீக்கியிருப்பார்கள், புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். எந்தக் கார்டிலும் பெயர் இல்லாவிட்டால் காப்பீடும் இல்லை. நோய் தெரிந்த பிறகு இதற்காக ஓடுவது பெரும் கொடுமை. இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் "அப்ரூவல் இல்லை" என்றால் உடனே நகர்ந்துவிடாதீர்கள். "அனுப்பி மறுத்தாங்களா, இன்னும் அனுப்பவே இல்லையா?" என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. நான் கூடப் போன பல தடவை விண்ணப்பமே போயிருக்கவில்லை. டாக்டர் சீட்டில் டெஸ்ட்டின் பெயரும் அது எதற்கு என்பதும் எழுதியிருக்கட்டும். அதைக் காப்பீட்டுப் பிரிவில் கொடுத்து, இந்த டெஸ்ட் திட்டத்தில் வருமா என்று ரத்தம் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இது பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். முதலில் கட்டிவிட்டு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறுத்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்கு அங்கிருந்தே பேசுங்கள்.

கைக்காசில் எடுக்கத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் அளவு மாறினால், ஏறியது நோயா கணக்கா என்று தெரியாது. ரிப்போர்ட்டில் 'சர்வதேச அளவுகோல்' (International Scale - IS) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். டெஸ்ட் தள்ளிப்போகிறதே என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.